கனிஷ்கா, வயது இருபத்துநான்கு

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்தும் குமாரசாமிக்குச் சந்தேகம்தான் தொழில். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த வாரமே அந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். பையன் குடிப்பானா, வீட்டுப் பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பேச்சுவாக்கில் கறந்துவிடுவார். கேட்டதையெல்லாம் தன் இணையதளத்தில், வெளியார் பார்க்க முடியாத பக்கத்தில், வேலைக்கு இருப்பவரைக் கொண்டு தமிழில் ஏற்றி வைப்பார். பன்னிரண்டு வருடத்தில் நாலாயிரம் குடும்பங்கள். அவர் சரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுக்கலாம் என்று எடப்பாடி வரைக்கும் பேர்.

அதைத் தட்டச்சு செய்துவந்த சுகன்யா, போன வருடம் வேலையை விட்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சொந்த மையம் திறந்தாள். தன் தகவல்களைத் திருடிவிடுவாளோ என்று அன்றோடு மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

இந்த நேரம் பார்த்துப் பழைய சர்வரை மூடப்போவதாகத் தகவல் வந்தது. தளத்தை வேறு இடத்துக்கு மாற்றித் தர தீபிகா என்ற பெண் வந்தாள். அவளுக்கும் ஃபேர்லேண்ட்ஸ். போதாதா?

அவள் தகவல்களைக் கோப்பாக இறக்கியபோது, தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கொம்பும் கோடும் முளைத்த ஏதோ கிறுக்கல். குமாரசாமிக்கு வியர்த்துவிட்டது. அவளோ அலட்டிக்கொள்ளவில்லை. எழுத்து உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, கணினி அதை வேறு முறையில் படிக்கிறது என்றாள். யூனிகோடு என்று எதையோ தேர்ந்தெடுத்து மறுபடி இறக்கினாள். தமிழ் வரிவரியாக வந்து நின்றது. வேறு ஆளாக இருந்தால் மெச்சியிருப்பார். இவரோ, இவ்வளவு தெரிந்தவளுக்குத் திருடவா தெரியாது என்று நினைத்தார்.

கோப்பைத் தன் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு, அவளுடைய மடிக்கணினியில் இருந்ததைத் தன் கண் முன்னால் அழிக்கச் சொன்னார்.

"ஒரு காப்பி என்கிட்ட இருந்தா நல்லதுங்க சார்."

"அதெல்லாம் வேண்டாம்மா. என்கிட்ட இருந்தாப் போதும்."

அழித்தாள். அன்று மாலையே பழைய சர்வரும் மூடப்பட்டது. புதிய இடத்தில் ஏற்ற வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதே வெள்ளிக்கிழமைதான் எடப்பாடி செல்லியம்மாளுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவள் மகள் நிலாவை, நாமக்கல் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டும் வளவனுக்குக் கேட்டிருந்தார்கள். அந்த வீட்டைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன்பே குமாரசாமி விசாரித்து எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துச் சொல்லிவிட்டால் சாயங்காலம் உறுதி வார்த்தை.

வியாழக்கிழமை குமாரசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்துப் பழைய கணினியில் கோப்பைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. இல்லாத பெண் ஒருத்தியைப் பட்டியலில் சேர்த்து, யாருக்கும் தெரியாத தன் இரண்டாவது கைபேசி எண்ணைப் போட்டுவிட்டால்? சுகன்யாவின் மையத்திலிருந்து அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் திருட்டு கையும் களவுமாகப் பிடிபடும். தமிழில் தட்டச்சு அவருக்கு வராது. ஒற்றை விரலால் ஆங்கில எழுத்திலேயே தட்டினார்: கனிஷ்கா, வயது இருபத்துநான்கு, இன்ஜினியர். மூடும்போது கணினி ஆங்கிலத்தில் இரண்டு முறை என்னவோ கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்று அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை செல்லியம்மாள் எதிர் நாற்காலியில் காத்திருக்க, தீபிகா கோப்பை ஏற்றினாள். திரை முழுக்கக் கேள்விக்குறிகள். எண்கள் அப்படியே இருந்தன. தமிழ் ஒரு எழுத்து இல்லை.

"நெனச்சேன்," என்றார் குமாரசாமி. "சுகன்யா சொல்லித்தான வந்த?"

தீபிகாவின் முகம் சிவந்தது. பென் டிரைவில் இருந்த கோப்பையே திறந்தாள். அதிலும் கேள்விக்குறிகள்தான். அன்றைக்கு வந்தது கிறுக்கல், அதற்குள் எழுத்து இருந்தது. இதில் எழுத்தையே எடுத்துவிட்டுக் கேள்விக்குறி வைத்திருக்கிறது, மீட்க ஒன்றுமில்லை என்றாள். கீழே இறங்கிக்கொண்டே போனவள் கடைசி வரியில் நின்றாள். நாலாயிரம் வரியில் படிக்க முடிந்தது அது ஒன்றுதான். அதிலிருந்த எண்ணுக்குத் தன் கைபேசியிலிருந்து அழைத்தாள். குமாரசாமியின் மேசை இழுப்பறைக்குள் மணி அடித்தது.

"இங்கிலீஷ்ல இருந்ததால இது மட்டும் தப்பிச்சிருக்குதுங்க சார். நேத்து மத்தியானம் பன்னெண்டே காலுக்கு யூனிகோடு இல்லாம சேவ் ஆயிருக்குது. பென் டிரைவு உங்ககிட்டத்தான இருந்துச்சு?"

குமாரசாமிக்கு வெட்கமாக இருந்தது.

செல்லியம்மாளுக்குக் கணினிப் பேச்சு எதுவும் விளங்கவில்லை. "அது கெடக்கட்டுங்க. வளவன் ஊடு எப்படின்னு சொல்லுங்க," என்றாள்.

அவர் நினைவைக் கசக்கிப் பார்த்தார். டீக்கடை வந்தது. அன்றைக்குப் பெய்த மழை வந்தது. பக்கத்தில் இருந்தவர் காதோரம் குனிந்து என்னவோ சொன்னதும் வந்தது. சொன்னது நல்லதா கெட்டதா என்பது மட்டும் வரவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிடலாம். ஆனால் அது ஒரு பெண்ணின் வாழ்க்கை.

"எனக்கு நெனப்பில்லைங்க," என்றார்.

செல்லியம்மாள் அவர் முகத்தையும், அடித்து ஓய்ந்த இழுப்பறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாப்ள ஊட்டுக்காரங்க காசு குடுத்து உங்களையும் கவனிச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு நாள் பொறுங்கள், நானே போய் விசாரித்து வருகிறேன் என்று குமாரசாமி கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"நீங்க எதுக்குங்க அலையறீங்க? நானே அந்த ஊருல போயிக் கேட்டுக்கறேன். அப்படியே உங்களப் பத்தியும் நாலு பேருகிட்ட விசாரிச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.