கண்ணாடியோடு போன அம்மா முகம்

அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அறைச் சுவரில், பழைய சாமிப் படங்களின் சட்டங்களைக் கழுவி, குடும்பப் படங்களை நானே மாட்டினேன். செலவே இல்லையென்று பெருமை வேறு. அடையாள அட்டைக்காக எடுத்த, செத்துப்போன அம்மாவின் ஒரே படமும் அதில் இருந்தது. கண்ணாடியை நேரே படத்தின் மேல் அழுத்தி மூடியதுதான் என் பிழை. மழைக்காலம் முழுதும் சுவர் கசிந்தது.

தங்கச்சிக்குப் பிரதி எடுக்கலாமென்று சட்டத்தைக் கழற்றி, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்த படத்தை உரித்தேன்.

"இழுக்காதக்கா, அம்மா மொகம் பிய்யுது!" என்று அவள் கத்தினாள். அதற்குள் என் கையில் வெறும் வெள்ளைத் தாள்தான் வந்தது. முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் முதலில் பிரதி எடுத்து, அதைத்தான் மாட்டுகிறேன். கண்ணாடி படாமல் ஓரத்தில் அட்டை வைக்கிறேன். அம்மா முகம் ஒட்டிய அந்தக் கண்ணாடி ஜன்னலில் சாய்ந்திருக்கிறது. பனி இறங்கி வெளியே வெளுத்தால் முகம் தெளிந்து, அம்மா வெளியே நின்று எங்களைப் பார்க்கிறாள். அந்த ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை.