கரிசலில் ஊன்றிய தூண்

இடைசெவல் வேணுகோபாலுக்குக் கோவில்பட்டி வங்கியில் வேலை. கவுன்டரில் உட்கார்ந்து டிராஃப்ட் எழுதிக்கொண்டிருந்த மனிதர். தொண்ணூறுகளின் நடுவில், வங்கித் தொழில்நுட்பத்தை ஆராய ஐதராபாத்தில் ஒரு நிலையம் தொடங்குகிறார்கள், ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் முந்திக்கொண்டு பேர் கொடுத்தார். வீட்டில் பேசுவது தெலுங்குதானே, சமாளித்துவிடலாம் என்று ஒரு தைரியம். போய் இறங்கித் தெலுங்கில் டீ கேட்டால், கடைக்காரர் இந்தியில் பதில் சொன்னார். கரிசல்காட்டுத் தெலுங்குக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை.

நிலையம் அப்போது ஒரு வாடகைக் கட்டடம். நாற்காலிகள் குறைவு, கனவு மட்டும் பெரிது. ஓர் ஊரில் போட்ட பணத்தை எந்த ஊரிலும் எடுக்க வேண்டும், அதற்கு வங்கிகளைச் செயற்கைக்கோள் வழியாக இணைக்க வேண்டும். சோதனைக்குப் பெரிய நகரங்கள் போதும் என்றார்கள் மேலே உள்ளவர்கள். வேணுகோபால் நச்சரித்து நச்சரித்துக் கோவில்பட்டியைச் சேர்க்க வைத்தார். ஒரே நிபந்தனை: மழைக்காலம் முடிவதற்குள் இணைப்பு நிலையாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் சின்ன ஊர்களுக்கே இந்தத் திட்டம் கிடையாது.

தட்டை நிறுவ அவரே ஊருக்கு வந்தார். வங்கிக்கு ஓட்டுக்கூரை. அதனால் பின்புறத்து வெற்றிடத்தில் தூண் ஊன்றித் தட்டு ஆன்டெனாவை ஏற்றினார். கோடையில் கரிசல் பாறை மாதிரி கிடந்தது. மேலாகத் தோண்டிச் சிமென்ட் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார். கம்ப்யூட்டரில் ஐதராபாத் வந்தது. மேனேஜர் சங்கரபாண்டி எல்லாருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் கரிசல் ஊறி உப்பியது. தூண் சாய்ந்தது, திரை செத்தது. நிமிர்த்தினார். அடுத்த மழையில் மறுபடியும் சாய்ந்தது. ஊரே மழைக்குக் கைகூப்பிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மேகத்தைக் கண்டால், "போயிரு, போயிரு" என்றார். பருத்தி விதைக்கிற வீட்டில் பிறந்துவிட்டு மழையை வெறுப்பதா என்று அவருக்கே கூசியது. சோறு இறங்கவில்லை.

மனைவி செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. "வீடு கட்டயில சரளை தட்டுத மட்டும் தோண்டணும்னு கொத்தனார உண்டு இல்லைன்னு பண்ணுனீய. இதுக்கு மட்டும் மேலாக்கத் தோண்டிட்டு மழைய வையுதீயளே?"

"அது வீடு, இது வெறுங் கம்புதானேன்னு நெனைச்சிட்டேன்ட்டி."

"நல்லா நெனைச்சீய, போங்க!"

மறுநாளே ஆள் விட்டுக் கரிசலைத் தாண்டிச் சரளை தட்டும்வரை தோண்டினார். குழியின் அடியில் சிமென்ட் போட்டுத் தூணை ஊன்றி, கரிசல் உப்பினாலும் அதைத் தள்ளாதபடி சுற்றிலும் ஆற்றுமணல் நிரப்பினார். இனி ஒரு நல்ல மழை பெய்தால்தான் நிற்குமா சாயுமா என்று தெரியும். வானமோ வெளுத்துக் கிடந்தது. துரத்தியபோது வந்த மழை, கூப்பிட்டபோது வரவில்லை. மழைக்காலமும் முடியப் போகிறது. மனுஷர் தவித்துப் போனார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. உள்ளே எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேணுகோபாலுக்கு அதைப் பார்க்கப் பயம். பின்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு தொப்பலாக நனைந்து நின்றார்.

சங்கரபாண்டி சன்னல் வழியாகக் கத்தினார்: "வே வேணு! ஐதராபாத் அசையாம அந்தாக்குல நிக்குதுவே! நனையாம உள்ள வாரும்!"

"வாரேன் அண்ணாச்சி" என்றார் வேணுகோபால், முகத்தை வானத்துக்குக் காட்டியபடி. "இன்னுங் கொஞ்சம் பெய்யட்டும்."