அண்ணன் தைத்துக் கொடுத்த புத்தகங்கள்

அண்ணனின் வருஷ நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதிக் கொடுத்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் அண்ணன் மலையில் புதூர்நாட்டுக்கு மேலே உள்ள எங்கள் சின்ன ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். ஆடு மேய்த்துக்கொண்டே பத்தாவது வரை படித்தார். ஜீப்பில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்றுக்கொண்டு, திருப்பத்தூருக்கும் மலைக்குமாகக் கடைசி வரை வண்டி ஓட்டினார். பிரசவ வலியோடு ஏறிய பெண்களிடம் அவர் வாடகை கேட்டதில்லை. கேட்டார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

புளி உலுக்கும் காலம் வந்தால் அண்ணன் கீழே பழைய புத்தகக் கடையிலிருந்து கதைப் புத்தகங்களை சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுவருவார். வெயில் காலம் முழுக்க நிழலில் உட்கார்ந்து புளி ஓட்டை உடைத்துக் கொட்டை எடுக்கிறோமே, அந்தச் சமயத்தில் படிக்க. இது உனக்குச் சிரிப்பு வரும், இது உனக்குத் தூக்கம் வராது என்று ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

சும்மா காகிதம் கொடுத்தால் எங்கள் ஆட்களுக்குப் பயம். காகிதத்தோடு மலைக்கு வந்தவர்கள் கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்கள். ஆகவே புத்தகத்தை வாங்கினதும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவோம். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறதா, ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறதா என்று. நானும் பார்ப்பேன். கூடப் பிறந்தவர் கொடுத்தாலும் காகிதம் காகிதம்தானே. அப்படிப் பார்க்கையில் முடிவு தெரிந்துவிடும். திருடன் யார் என்று தெரிந்தபிறகு யார் படிப்பார்கள்?

அதற்கு அண்ணன் ஒரு வழி செய்தார். கோணி ஊசியால் கடைசிப் பக்கங்களை ஓரம் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். அது இன்னும் வம்பாயிற்று. தைத்து மறைக்கிற அளவுக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று ஊரே பேசியது. படித்துக்கொண்டே தையல் வரைக்கும் வந்து நீயே நூலை அறு என்பார் அண்ணன். உள்ளே என்ன என்று தெரிந்துகொள்ளவே சிலர் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். சிலர் அன்றைக்கே அறுத்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் மாசியில் இருமல் முற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். புருஷன் வீட்டை விட்டு லாரி ஏறிப்போன ஒருத்தியின் கதை. எப்போதையும்விட நெருக்கமாகத் தைத்திருந்தார். பங்குனியில் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் மகன் வந்தான். எங்கள் புளிய மரங்களில் யாருக்கு எது என்று காகிதம் கிடையாது, வாய்ப்பேச்சில்தான் பங்கு. மரங்களை எனக்கு எழுதி, அதை அந்தப் புத்தகத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டார் என்று யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள்.

"இன்னா அத்தே, உள்ள இன்னா கீது?"

"படிச்சாத்தான் தெரியும்."

"பிளேடு கீது. இப்பவே பாத்துடலாம்."

"நான் படிச்சி அங்க வர்ற வரிக்கும் நூல்ல யாரும் கை வைக்கக் கூடாது. உங்கப்பா எனக்குக் குடுத்தது."

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அண்ணனோடு அண்ணன் வீட்டு உறவும் இல்லாமல் போகுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுத்துக் காட்டினால் தீர்ந்துவிடும். ஆனால் அண்ணன் கடைசியாகக் கொடுத்த கதை கெட்டுப்போகும்.

அதனால் புளி உடைக்கிற இடத்தில் எல்லார் எதிரிலும் சத்தமாகப் படித்தேன். வெட்கத்தில் முதல் நாள் பாதி எழுத்து வாயிலேயே நின்றுவிட்டது. இரவில் திருட்டுத்தனமாக அறுத்தேன் என்று பேச்சு வரக் கூடாதே. அதனால் தினமும் படித்து நிறுத்தியதும் புத்தகத்தை அவன் மனைவி கையிலேயே கொடுத்தனுப்பினேன். அவள் தையலைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவாள். நானும் காலையில் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

கதை பாதி தாண்டினபிறகு அவனே காவலுக்கு வந்து தள்ளி உட்கார்ந்தான். சில நாளில் கிட்டே வந்தான். ஒருநாள், "அந்த லாரிக்காரன் மேல எனக்கு டவுட்டா கீது அத்தே" என்றான். எனக்கும் அவன்மேல் சந்தேகம்தான் என்றேன்.

தையல் வந்ததும் அவனே அறுத்தான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். ஒரு துண்டுச் சீட்டுகூட விழவில்லை. அவன் புத்தகத்தை என் மடியில் வைத்தான்.

"சரி, படி அத்தே. அவ வூட்டுக்குத் திரும்புனாளா இல்லியா?"

அன்றைக்கு என் வீட்டில் களி தின்றுவிட்டுத்தான் போனான்.

மற்ற புத்தகங்கள் என் வீட்டில் இருக்கின்றன. இந்தக் கோடைக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். பெண் பார்க்கப் போய் வேறு ஊரில் விருந்து தின்ற பூசாரியின் கதைக்குச் சிரிப்பு வராவிட்டால் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கிணற்று வீட்டுக் கதையைத் தனியாக இருப்பவர்கள் எடுக்க வேண்டாம். நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னால் விடமாட்டேன். கதை நடுவிலிருந்து கேள்வி கேட்பேன்.

அண்ணனை வேலூருக்கு ஏற்றிப்போய் இரவு பகல் கூட இருந்த ஜீப் டிரைவர்களுக்கும், கடைசியில் வாய் நனைத்த நர்சம்மாவுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், காரியத்துக்குச் சாமை கொடுத்த வீடுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

லாரிக் கதை மட்டும் என்னிடம் இல்லை. அட்டைக்குள்ளே ஏதாவது ஒட்டியிருக்கும், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று அண்ணன் மகன் வாங்கிப்போனான். வருஷமே திரும்பப் போகிறது. அவன் பாதிக் கதையில் வந்து உட்கார்ந்தவன். முதல் பாதியை யாருக்கும் தெரியாமல் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது என் சந்தேகம்.