குழாயைப் பார்க்க வந்தவர்கள்

கொழும்பில் புடவைக் கடையில் நின்றுகொண்டிருந்த ஜீவராஜ் வேலையை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தபோது, லயத்து வரிசை வீடுகளின் ஆண்களுக்குச் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்தது. பூண்டுலோயாவுக்கு மேலே, மூடுபனி இறங்கினால் அடுத்த லயம் தெரியாத உயரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். அங்கே மனைவி சர்மிளா விடிந்ததும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள், கொழுந்து பறித்தாள். புருஷன் வீட்டில் இருந்து பிள்ளை பார்த்தான். பீலித் தண்ணீரில் நின்று துணி அலசினான்.

"என்ன ஜீவா, தாலிய நீ கட்டுனியா, இல்ல அது ஒனக்குக் கட்டுச்சா?" என்று கேட்டார் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரய்யா.

"உங்க வீட்டுத் தாலி எந்தக் கடையில அடகுல கெடக்குன்னு பாத்துட்டு வாங்கண்ணே. அப்புறம் பேசுவோம்" என்றான் ஜீவராஜ், துணியைப் பிழிந்துகொண்டே.

அதோடு வீரய்யா பீலிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். ஜீவராஜுக்கு அதில் வருத்தமில்லை. பொண்டாட்டி சம்பளத்தில் சாயங்காலமானால் குடித்துவிட்டு ஆண்மையைப் பற்றிப் பேசுகிறவர்களை அவன் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மகள் தனுஜாவுக்கு ஐந்து வயது. பிறக்கும்போதே மூச்சு முட்டி மூளையில் அடிபட்டுவிட்ட பிள்ளை. கழுத்து நிற்காது, பேச்சு கிடையாது. வாயில் ஊட்டியதெல்லாம் வழிதவறி நெஞ்சுக்குள் இறங்கிக் காய்ச்சலாக வந்தது. கடைசியாக வந்த காய்ச்சலில் பிழைப்பதே கஷ்டம் என்றார்கள். அவள் பிழைத்தாள். அதன்பிறகு கண்டியில் வயிற்றில் ஒரு சின்னத் துவாரம் போட்டு, இரைப்பைக்குள் நேரே ஒரு குழாயை வைத்தார்கள். பாலும் கஞ்சியும் மருந்தும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். யாராவது ஒருவர் எப்போதும் கூட இருக்கவேண்டும் என்று சொன்ன அன்றே அவன் கொழும்புக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

காலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, மெல்லிய துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து, குழாயைச் சுற்றி உட்புறமிருந்து வெளிப்புறமாகத் துடைப்பான். பால் கசிந்து காய்ந்திருந்தால் ஊறவைத்து எடுப்பான். பிறகு ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, குழாயை மெதுவாகச் சுழற்றி வைப்பான். தோல் சிவந்திருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பான். அந்த நேரத்தில் தனுஜா அவன் மூக்கையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவளிடம் மட்டும் அவன் குரல் இளகும். "முடிஞ்சிருச்சும்மா, முடிஞ்சிருச்சு" என்பான்.

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். நாகலெட்சுமிப் பெரியம்மா ஒருநாள் மஞ்சளை அரைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தாள்.

"இதப் பூசி விடுடா. புண்ணு ரெண்டே நாள்ல ஆறிரும்."

"இது ஆறக்கூடாதுன்னுதான் பெரியம்மா வச்சிருக்காங்க. ஆறிப்போச்சுன்னா ஓட்ட மூடிக்கும், பிள்ள பட்டினி கெடக்கும்."

"நல்லதுக்குச் சொன்னா ஏத்துக்கிறதில்ல இந்தப் பய" என்று அவள் வெளியில் போய் நாலு பேரிடம் சொன்னாள். நல்லதுக்குச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட, நீ கொஞ்சம் தூங்கு, நான் பிள்ளை பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொன்னதில்லை. ஜீவராஜ் அதைக் கவனித்து வைத்திருந்தான்.

இவர்களெல்லாம் சில்லறை ஆட்கள். அவன் அடிவயிற்றிலிருந்து வெறுத்தது பழனியாண்டியை. சர்மிளாவின் தாய்மாமன், தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். வெள்ளைச் சட்டை, இரண்டு கைத்தொலைபேசி, எந்தச் சாவு வீட்டிலும் முதல் நாற்காலி. தனுஜா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று வந்து, கொழும்பிலிருந்து உதவி செய்கிற ஐயா ஒருவர் வருகிறார், பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தருவார் என்றார்.

"வேணாம்" என்றான் ஜீவராஜ்.

சர்மிளாதான் கெஞ்சினாள். "தூக்கித் தூக்கி ஒங்க முதுகு போச்சு. ஒரு தடவதானே, பொறுத்துக்கங்க."

அவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "பிள்ள சட்டையத் தூக்கிப் படம் எடுக்கக் கூடாது மாமா."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் மாப்பிள்ள" என்றார் பழனியாண்டி.

ஐயா ஒரு வேனில் வந்தார். கூடவே பேனர் பிடிக்க இரண்டு பேர், படம் எடுக்க ஒருவன். சர்மிளா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வைத்து ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே பிஸ்கட்டும் டொபி மிட்டாயும் இருந்தன. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குப் பிஸ்கட் கொண்டுவந்திருந்தார்கள். ஜீவராஜ் பெட்டியையும் ஐயாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஐயா அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

"அந்தக் குழாய் தெரிஞ்சா படம் நல்லாருக்கும்" என்றான் படக்காரன்.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த கஞ்சியை இறக்க ஜீவராஜ் உள்ளே போனான்.

அந்த இடைவெளி பழனியாண்டிக்குப் போதுமாக இருந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவரே சட்டையை மேலே ஏற்றினார். வெளிச்சம் பளிச்சிட்டதும் தனுஜாவின் உடம்பு விறைத்தது. அப்படி விறைத்தால் அவள் கை எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அது குழாயைப் பிடித்தது. படத்தில் கை மறைக்கிறதென்று பழனியாண்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். கையோடு குழாயும் வந்துவிட்டது.

ஜீவராஜ் ஓடிவந்தபோது துவாரத்திலிருந்து பாலும் கொஞ்சம் இரத்தமும் வழிந்துகொண்டிருந்தன. ஐயா எழுந்து நின்று தன் கால் சப்பாத்தில் பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுத்தமான துணியை மடித்து வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டே ஜீவராஜ் சொன்னான்: "ஒங்க வேன்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். லேட்டானா ஓட்ட மூடிரும்."

ஐயா பழனியாண்டியைப் பார்த்தார். "கினிகத்தேனையில் அடுத்த நிகழ்ச்சி. அங்கே சனம் காத்துக்கொண்டிருக்கிறது" என்றார். படக்காரன், சீட்டெல்லாம் துணி, கறை பிடிக்கும் என்று முணுமுணுத்தான். வேன் போனபோது பின்சீட்டில் பழனியாண்டியும் இருந்தார்.

ரோட்டோரம் கடை வைத்திருக்கும் ஸஃப்வான், பிள்ளையோடு ஓடிவரும் ஜீவராஜைக் கண்டதும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவை எடுத்தான். "ஏறுங்க" என்றான். வளைவுகளில் மட்டும் வேகத்தைக் குறைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் துவாரம் சுருங்கத் தொடங்கியிருந்தது. பழைய அளவில் குழாய் போகவில்லை. மெல்லிய ஒன்றைத்தான் டொக்டரால் நுழைக்க முடிந்தது. தனுஜா வாயைப் பெரிதாகத் திறந்து அழுதாள். சத்தம் வரவில்லை. சேதி கேட்டு மலையிலிருந்து நேரே ஓடிவந்த சர்மிளா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கட்டிலருகே நின்றாள்.

"என்னாலதான்" என்றாள்.

"நாற்காலிக்கு நானும்தான் ஆசப்பட்டேன். விடு" என்றான்.

அந்த வாரமே படம் முகநூலில் வந்தது. ஐயா குனிந்து பிள்ளையின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தார். மலையகச் சிறுமிக்கு மறுவாழ்வு என்று மேலே எழுதியிருந்தது. லயமே அதைப் பார்த்து மகிழ்ந்தது. வீரய்யா அதற்கு இதயம் போட்டிருந்தார். நாற்காலி வரவே இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் பழனியாண்டி வந்தார். தேர்தல் பேச்சு அடிபட ஆரம்பித்திருந்த நேரம். சர்மிளா அன்று வீட்டில்தான் இருந்தாள்.

"மனசுல எதையும் வச்சுக்காத மாப்பிள்ள. தெரியாம நடந்துபோச்சு. என்ன ஒதவி வேணும்னாலும் சொல்லு."

"வேணும் மாமா. இப்பத்தான் கழுவப் போறேன். கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து பிள்ள கையப் பிடிச்சுக்கங்க."

அவரால் மறுக்க முடியவில்லை. கழுவிக்கொண்டு வந்து பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்தார். ஜீவராஜ் சட்டையை விலக்கினான். குழாயைச் சுற்றிச் சதை சிவந்து தடித்திருந்தது. ஓரத்தில் நேற்றைய பால் காய்ந்திருந்தது. பழனியாண்டி சுவரில் தொங்கிய கலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க மாமா. பாக்கத்தானே அன்னைக்குச் சட்டையத் தூக்குனீங்க."

அவர் திரும்பினார். ஜீவராஜ் அவசரப்படவில்லை. வழக்கத்தைவிட நிதானமாக நனைத்தான், துடைத்தான், ஒற்றினான். தலைவரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. பாதியிலேயே, கூட்டம் ஒன்று இருக்கிறது என்று எழுந்து வெளியே போனார். இஸ்தோப்பைத் தாண்டி அவர் ஓங்கரிப்பது உள்ளே கேட்டது.

சர்மிளா வந்து அவர் விட்டுப்போன கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்தாலும் பெரிய மனுசர். கொஞ்சம் மரியாதையாப் பேசியிருக்கலாம்" என்றாள்.

"மாமான்னுதானே கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஜீவராஜ் குழாயைச் சுழற்றிப் பார்த்தான்.