நடந்தால் உயிர், சுழன்றால் தூசு

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் பழைய தேக்கரண்டியால் பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன். ரெஜினா மேடத்தின் தம்பி அந்தோணி போன் செய்தார். தூக்கத்திலேயே அக்காவின் மூச்சு நின்றுவிட்டது என்றார். அடுத்த வாரத்துக்கு நல்ல பாசி கிடைத்திருக்கிறது என்று அக்காவிடம் சொல்லச் சொல்லி வாயெடுத்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

ஓய்வுபெற்ற பேராசிரியை பாசி சுரண்டுவானேன் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரெஜினா மேரி விவேக் நகர்க்காரர். கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தார், நான் தாவரவியல். இரு துறைக்கும் ஒரே ஆய்வுக்கூடம். நான் சேர்ந்த புதிதில் என் மாணவிகள் வெங்காயத் தோலை ஒரே நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்த்து வரைந்தார்கள். எல்லார் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி. நானும் குனிந்து பார்த்து, இருக்கிறதே என்று எல்லாருக்கும் சரி போட்டேன். பக்கத்து மேசையிலிருந்து வந்த ரெஜினா மேடம், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைப் பிடித்து மெதுவாகத் திருகினார். புள்ளியும் கூடவே சுற்றியது.

"ஐபீஸ திருப்பினா திரும்புதுன்னா தூசு ஐபீஸ்ல. ஸ்லைட நகத்தினா நகருதுன்னா ஸ்லைடுல. ரெண்டுக்கும் அசையாம தானா நடந்துதுன்னா, அது உயிருள்ளது. அதுக்கு மட்டும் மரியாத குடுங்க மேடம்" என்றார். அன்று தொடங்கியது எங்கள் சிநேகம்.

நுண்ணோக்கிகளில் அவருக்குச் சொந்த விருப்பு வெறுப்புகள் இருந்தன. எறும்பு, பூ என்றால் இரு கண்ணால் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி போதும். சும்மா பெரிய லென்ஸைத் திருப்பி வைத்துப் படம் காட்டாதீர்கள் என்பார். நீர்த்துளிக்குக் கூட்டு நுண்ணோக்கி. பாக்டீரியாவுக்கு எண்ணெய்த்துளி விட்டுப் பார்க்கும் பெரிய லென்ஸ். ஒருமுறை ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு மாணவிகளோடு போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பார்த்தோம். அறை கொள்ளாத இயந்திரம். உள்ளே காற்றே இருக்காது, அதனால் எதையும் காயவைத்துத்தான் வைக்க வேண்டும் என்று அங்கிருந்தவர் விளக்கினார். வெளியே வந்ததும் ரெஜினா மேடம், பொணத்தைப் பார்க்க இவ்வளவு பெரிய மெஷினா என்று அலுத்துக்கொண்டார். வைரஸையெல்லாம் அதில்தான் பார்க்க முடியும் என்று நான் சண்டை போட்டேன். அவர் மசியவில்லை. அவருக்கு வேண்டியது நகர வேண்டும்.

அவர் ஆயுசு முழுக்கப் பார்க்க ஆசைப்பட்டது நீர்க்கரடியை. கண்ணுக்குத் தெரியாத அளவு, குண்டு உடம்பு, எட்டுக் குட்டைக் கால்கள். பாசிக்குள் இருக்கும். பாசி காய்ந்தால் சுருண்டு உருண்டையாகிக் கிடக்கும். தண்ணீர் பட்டால் எழுந்து நடக்கும். "வருஷா வருஷம் போர்டுல வரையறேன், ஒரு தடவகூட உயிரோட பாத்ததில்ல. பாக்காததுக்கு சாட்சி சொல்ற மாதிரி இருக்கு" என்பார்.

ஓய்வுபெற்றதும் ஒரு நுண்ணோக்கி வாங்கி ஜன்னலோரம் வைத்தார். சனிக்கிழமைதோறும் எங்களுக்குப் பாசி வேலை. பிரேசர் டவுன் காம்பவுண்டுச் சுவர்களில் நாங்கள் சுரண்டுவதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி விசாரிப்பார்கள். பாசி உங்களுடையது, உள்ளே இருப்பது என்னுடையது என்று பாகம் பிரித்துவிட்டார். தட்டில் ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் புழு வந்தது, சக்கரம் சுற்றுவதுபோல் வாயசைக்கும் சின்ன உயிர்கள் வந்தன. கரடி வரவில்லை.

பிறகு ஒருநாள், பார்வைக்கு நடுவில் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறது என்றார். சொல்லும்போது பயத்தைவிட ஆராய்ச்சிதான் குரலில் இருந்தது.

"கண்ண திருப்பினா அதுவும் கூடவே வருது. அப்ப தூசு ஐபீஸ்லதான் மேடம்."

மருத்துவரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை திரும்பாது. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் அடுத்த சனிக்கிழமை என்னை நுண்ணோக்கி முன் உட்கார வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"பேர் சொல்லாதீங்க, பாத்தத சொல்லுங்க. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான். ஆனா என் மனசுக்காக பொய் மட்டும் வேணாம்."

ஒருநாள் உருண்டையாக, வாலோடு ஏதோ தெரிகிறது என்று நான் பரபரத்தேன். சற்று யோசித்து, ஐபீஸைத் திருகினீர்களா என்று கேட்டார். திருகினேன். சுற்றியது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தோணியின் போன் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவரால் உட்கார முடியவில்லை. கட்டிலிலிருந்தே, இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இல்லை என்றேன். சரி, அடுத்த வாரம் என்றார். செய்தி வந்ததிலிருந்து அந்த "இல்லை" என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சொல்லித்தான் இருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

அடக்கம் முடிந்து வெளியே வரும்போது கல்லறைத் தோட்டத்துச் சுவரில் காய்ந்த பாசி படர்ந்திருந்தது. இந்த நேரத்தில் கை வைப்பதா என்று தயங்கினேன். அந்தோணி கவனித்துவிட்டு, தானே ஒரு துண்டைப் பெயர்த்துக் கைக்குட்டையில் மடித்துக் கொடுத்தார். "அக்கா இருந்தா விட்டிருப்பாங்களா?" என்றார்.

ரெஜினா மேடம் வீட்டிலேயே அதை ஊறவைத்து, மறுநாள் அவருடைய ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியை யாரும் நகர்த்தியிருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடிபோல் இருப்பதெல்லாம் வெளிச்சம் அதிகமானால் காணாமல் போகும், கீழே இருக்கிற, வெளிச்சத்தைக் குறைக்கும் டயஃப்ரத்தை "சொல்ப" மூடுங்க என்று அவர் கன்னடம் கலந்து ஓயாமல் சொல்வது நினைவுக்கு வந்தது. மூடினேன். ஓரத்தில் குண்டாக ஒன்று தெரிந்தது. ஐபீஸைத் திருகினேன்.

அது சுற்றவில்லை.

அவர் கேட்டுக்கொண்டபடியே பெயர் சொல்லாமல், நாற்காலியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். குண்டு உடம்பு, மேடம். இந்தப் பக்கம் நாலு கால் தெரிகிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. நுனியில் நகம். பொய்யில்லை. போய் வாருங்கள் மேடம், அது நடக்கிறது.