கிரீடம் ஏறும் முன்

சூசைதாசனைப் போலக் கூத்திலை ராசபாட்டுப் பாட யாழ்ப்பாணத்துக் குருநகரிலை அந்த நாளிலை ஆளில்லை. பொய்யில்லை, தொண்டையைத் திறந்தால் கடைசி வரிசையிலை நித்திரை கொள்ளுறவனும் எழும்பி இருப்பான். டென்மார்க்குக்கு வந்து, ஹொல்ஸ்டெப்ரோவிலை இறைச்சித் தொழிற்சாலையின்ரை குளிரறைக்கை பன்னிரண்டு வருசம் நிண்டான். பிறகு தொண்டையிலை கட்டி. வெட்டி எடுத்தாங்கள். உயிர் தப்பினது, பாட்டுப் போச்சு.

பாடேலாதவன் என்ன செய்வான்? கூத்துப் பழக்கி மேடையேத்துற அண்ணாவியாரானான். தன்ரை ராசபாட்டை லோரன்ஸுக்குக் குடுத்தான். குடுத்தானே தவிர மனசாறக் குடுக்கேல்லை. "பெத்த பிள்ளை செத்துக் கிடக்குது, நீ பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிறாய்! அழத் தெரியாதோடா?" எண்டு ஒவ்வொரு ஒத்திகையிலையும் கத்துவான், அந்தக் கரகரத்த குரலாலை.

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். வன்னியிலை சனம் கொத்துக் கொத்தாச் செத்துக்கொண்டிருந்தது. லோரன்ஸின்ரை தம்பி பேதுருவும் அங்கைதான். மூண்டு கிழமையாச் சேதியில்லை.

"கூத்தை நிப்பாட்டுவம் அண்ணை" எண்டான் லோரன்ஸ்.

"எட்டு மாசம் பழகினது. எனக்கு இனியொரு மேடை வருமோடா?"

ஞாயிறு மத்தியானம் லோரன்ஸ் ஒப்பனையிலை இருந்தான். அவன்ரை போன் அண்ணாவியாரின்ரை கையிலை. அதுக்கு லோரன்ஸின்ரை மனுசி செல்வமலர் கோல் எடுத்தாள்.

"பேதுரு போயிட்டான் அண்ணை. ஷெல் விழுந்து... அவரிட்டைக் குடுங்கோ."

அவங்கட குழுவிலை ஒரு வழக்கம் இருக்கு. செபம் சொல்லிக் கிரீடம் வைச்சால், மங்களம் பாடுமட்டும் ராசாவுக்குச் சாவுச்சேதி சொல்லக்கூடாது. கிரீடம் இன்னும் மேசையிலை கிடந்தது.

"கிரீடம் வைச்சாச்சு தங்கச்சி, கூத்து முடிய அனுப்பிறன்" எண்டு போனை வைச்சான். விறுவிறுவெண்டு போய், அரைகுறைச் செபத்தோடை லோரன்ஸின்ரை தலையிலை அதை வைச்சான். பாவி!

அண்டைக்குப் பார்த்து லோரன்ஸ் அழுதான் பாருங்கோ, ஒருநாளும் அப்பிடி அழேல்லை. சபை முழுக்க விம்மினது. திரைக்குப் பின்னாலை சூசைதாசனின்ரை வாய் ஒவ்வொரு வரிக்கும் அசைஞ்சது. என்ன சந்தோசம் அந்த மனுசனுக்கு!

மங்களம் முடியத்தான் லோரன்ஸிட்டைச் சேதியைச் சொன்னான். வழக்கத்தையும் சாட்டாச் சேர்த்துச் சொன்னான்.

லோரன்ஸ் கத்தேல்லை. "போன் வரேக்கை இது என்ரை தலையிலையோ அண்ணை இருந்தது?"

சூசைதாசனின்ரை கண் தன்பாட்டிலை மேசைக்குப் போச்சு. லோரன்ஸ் கண்டிட்டான். கிரீடத்தைக் கழட்டி அண்ணாவியாரின்ரை தலையிலை வைச்சான்.

"நீங்களே போட்டுக்கொண்டிருங்கோ. உங்களுக்குத்தானே இது வேணும்."

ராச உடுப்போடையே காருக்கு நடந்தான்.