மாதா தீர்த்தமும் அப்பாவின் காரும்

எட்டு வயதில் எனக்கு இருந்த பெரிய கவலை, என்னிடம் சொல்லிக்கொள்ளும்படியான பாவம் ஒன்றுகூட இல்லை என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டும். அதற்கு முன்பு, சனிக்கிழமை மாலை, முதல் தடவையாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். தம்பியைக் கிள்ளியதையும் சர்க்கரை தின்றதையும் போய்ச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவின் கவலை வேறு. தருமபுரியில் ஒரு வாத்தியாரிடமிருந்து அவர் வாங்கி வந்த பழைய வெள்ளைக் கார் ஓடும்போது நன்றாகத்தான் ஓடியது. நின்றால்தான் வம்பு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் உறுமும், தணியும், மறுபடி உறுமும், குளிர்காய்ச்சல் கண்டதுபோல உதறிவிட்டு அணைந்துவிடும். அதனால் அப்பா வண்டியை எங்கேயும் நிறுத்துவதே இல்லை. பென்னாகரம் பேருந்து நிலையத்தை மெதுவாகச் சுற்றி வருவார். அம்மா காய்கறிப் பையை முதலில் உள்ளே எறிந்துவிட்டு, பிறகு தானும் தொற்றி ஏறிக்கொள்வாள்.

ஊரார் சொன்னதையெல்லாம் அப்பா செய்து பார்த்தார். பிளக் மாற்றினார், கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். உதறல் மட்டும் நிற்கவில்லை. புதன்கிழமை அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளக் கவுனும் முக்காடும் போட்டுக்கிட்டு வர்ற புள்ளய நடுரோட்டுல எறக்கி வண்டியத் தள்ளச் சொன்னீங்கன்னா, திங்கக்கெழம இது நம்ம வூட்டுல இருக்கக் கூடாது."

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் காரை அவர் வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டுவார். எங்களைக் குளிப்பாட்டியதாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கே வரவழைத்தார். அதே நேரத்தில் பெரியம்மா, காரை மந்திரிப்பதற்காகப் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்துவிட்டாள். மெக்கானிக் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார். பானெட் திறந்திருக்க, அணையும்போதெல்லாம் அப்பா மறுபடி கிளப்பிவிட, இன்ஜின் உதறிக்கொண்டிருக்க, சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். உள்ளே நாலு சொட்டு விழுந்ததும் இன்ஜினின் உதறல் சட்டென்று அடங்கியது. இரண்டு மூச்சு நேரம்தான். பிறகு பழையபடி உதறல்.

சாமியார் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். பெரியம்மா விடவில்லை. "கொஞ்சமா தெளிச்சாரு, அதான்" என்று சொல்லி மாதா பாட்டிலை எடுத்துவந்தாள். அது மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டில். தலையிலிருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. நான் பிறந்த வருடம் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்குப் பரீட்சை வந்தாலும், கோழியை அடைக்கு வைத்தாலும் அதிலிருந்துதான் தெளிப்பாள்; அது தீர்ந்து நான் பார்த்ததே இல்லை. "கெட்டியாப் புடி, செபமாலைய எடுத்தாரேன்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கிரீடம் இல்லாமல் மாதா எப்படி இருப்பாள் என்று பார்க்கத்தான் திருகினேன். பாட்டில் வழுக்கி விழுந்து, அத்தனை தீர்த்தத்தையும் மண் குடித்துவிட்டது. நல்லவேளையாக அன்று ஒகேனக்கல் தண்ணீர் விடும் நாள். தெருக்குழாய்க்கு ஓடி, மாதாவின் கழுத்து வரை பிடித்து, கிரீடத்தை மூடிக்கொண்டு திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமைக்கு ஒரு பாவம் கிடைத்துவிட்டது.

பெரியம்மா தெளித்தாள். குழாய்த் தண்ணீருக்கும் உதறல் அடங்கியது! மறுபடி தெளித்தாள், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை தெளித்தாள், அடங்கியது. மெக்கானிக் அண்ணன் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அதக் கொஞ்சம் குடுங்கம்மா. எந்த எடத்துல வுழுந்தா அடங்குதுன்னு பாக்கணும்."

ஒவ்வோர் இடமாகச் சொட்டு விட்டார். கார்ப்பரேட்டர் அடியில் விட்டார், உதறியது. பின்பக்கம் வளைந்து போன ஒரு சின்ன ரப்பர் குழாயின் மேல் விட்டார், அடங்கியது. அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்ததும், மாடு அசைபோடுவதுபோல இன்ஜின் நிதானமாக ஓடியது. வளைவில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியே இன்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்ததாம். தண்ணீர் பட்டதும் ஓட்டை கொஞ்ச நேரம் அடைபட்டதாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சோதனை முடிந்தபோது பாட்டில் காலி. ஒரு சாண் புதுக்குழாய் மாட்டியதும் அப்பா காபி டம்ளரை, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த வண்டியின் மூக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"ஓட்டையக் காட்டிக் குடுத்தது மாதாதான்" என்றாள் பெரியம்மா. மெக்கானிக் தலையாட்டினார். அப்பா அன்றைக்கு எதற்கும் தலையாட்டியிருப்பார்.

சனிக்கிழமை முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியார் வெகுநேரம் இருமினார்.

"வண்டி இப்ப அணையாம நிக்குதா?"

"நிக்குதுங்க சாமி."

"அப்ப மூணு தடவ 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லு. பெரியம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் அப்பா தேவையே இல்லாமல் நாலு இடத்தில் காரை நிறுத்தினார். அம்மா இறங்கும்போது "பரவால்ல" என்றாள். அப்பாவுக்கு அது போதும்.

அடுத்த முறை தண்ணீர் விட்ட நாளில், பெரியம்மா மாதா பாட்டிலோடு தெருக்குழாயடியில் நின்றிருந்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பாட்டிலைக் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கழுத்து வரை நிரம்பியதும் கிரீடத்தை இறுகத் திருகி, முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். கழுவிய தண்ணீரைக் கொட்டக்கூட மறந்துபோகிற அளவுக்குப் பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.